ஐந்து பங்குதாரர்களும் ஒரு தலைவர் நாற்காலியும்

(புனேயில் தமிழ் அன்பர்கள் முன் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால் 2015இல் வெளியே வந்த ஓர் அரசுக் கோப்பைப் பற்றி அப்போது பத்திரிகைகள் எழுதின. இந்த ஊர் லா காலேஜ் சாலையில் இருக்கும் இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரியின் தலைவர் பதவிக்கு யார் யார் பெயர்கள் பார்க்கப்பட்டன என்பது அந்தக் கோப்பில் இருந்தது. அமிதாப் பச்சன், ரஜினிகாந்த் பெயர்கள்கூட அதில் அடிபட்டதாகச் செய்தி வந்தது. கடைசியில் தேர்வானவரைப் பற்றி இருந்ததோ ஒரே ஒரு சிறு பத்தி. ‘மகாபாரதம்’ தொடரில் தருமராக நடித்துப் புகழ்பெற்றவர், ஏறத்தாழ 150 படங்களில் நடித்தவர், தொலைக்காட்சியிலும் நிறைய நடித்தவர். அவ்வளவுதான். பெயர் கஜேந்திர சவுகான். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு மனுப் போடுகிறவர்கூட தன்னைப் பற்றி இதைவிட நாலு வரி கூடுதலாக எழுதுவார்.

நியமனம் வெளியானது 2015 ஜூன் 9. மூன்றாம் நாள், ஜூன் 12 அன்று, மாணவர்கள் வகுப்புக்குப் போவதை நிறுத்தினார்கள். 139 நாள் நீடித்த அந்தப் போராட்டம் அக்டோபர் 28 அன்று முடிந்தது. இடையில் ஆகஸ்ட் மாதம் ஒரு நள்ளிரவில் போலீஸ் வளாகத்துக்குள் வந்து மாணவர்கள் ஐந்து பேரைக் கைது செய்தது. போராட்டம் முடிந்த அதே நாளில் திபாகர் பானர்ஜி, ஆனந்த் பட்வர்தன் உள்ளிட்ட இயக்குநர்கள் சிலர் தங்கள் தேசிய விருதுகளைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். அந்த ஆண்டு போராட்டம் தொடர்பாகப் போடப்பட்ட வழக்கில் சேர்க்கப்பட்ட மாணவர்களில் பாயல் கபாடியாவும் ஒருவர். 2024இல் அவருடைய ‘ஆல் வீ இமேஜின் அஸ் லைட்’ கான் விழாவில் கிராண்ட் பிரி பரிசு வாங்கியது. கல்லூரியும் அவரைத் தன் மாணவி என்று சொல்லி வாழ்த்தியது. வழக்கு அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது.

போராட்டக் கதை பலருக்கும் தெரியும். அதற்கு அடியில் கிடந்த கேள்விதான் சரியாகப் பேசப்படவில்லை. திரைப்படம் சொல்லிக்கொடுக்கிற, பாதுகாக்கிற, வளர்க்கிற ஓர் அமைப்பை நடத்தும் குழுவில் எந்தெந்தத் தொழில் தெரிந்தவர்கள் உட்கார வேண்டும்? தருமர் வேடம் போட்டவர் உட்காரலாமா, கூடாதா என்பதோடு அன்றைய வாதம் நின்றுவிட்டது. தூர்தர்ஷனில் 1988 முதல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தத் தொடர் ஓடியபோது, இந்தி தெரியாத தமிழ்நாட்டு வீடுகளிலும் தருமரை மரியாதையோடு பார்த்தார்கள். தொலைக்காட்சி நடிகர் என்பது இழிவல்ல. கல்லூரியின் பெயரிலேயே தொலைக்காட்சி இருக்கிறது. ஆகவே எதிர்ப்பின் உண்மையான காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். தேடுவதற்கு நல்ல இடம், அவருக்கு முன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் பழைய உத்தியோகங்கள்.

மிருணாள் சென் ஒரு காலத்தில் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. தோல் பையைத் தூக்கிக்கொண்டு உத்தரப் பிரதேசத்து ஊர்களில் டாக்டர்களைப் பார்த்து வந்தவர். அதை விட்டுவிட்டுக் கல்கத்தா ஸ்டூடியோவில் ஒலிப்பிரிவில் வேலை பார்த்தார். அதற்கும் பிறகுதான் இயக்குநர். ஷியாம் பெனகல் ஹைதராபாத்தில் பொருளாதாரம் படித்து, பம்பாயில் விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதியவர். ‘அங்கூர்’ எடுப்பதற்கு முன்பே இந்தக் கல்லூரியில் பாடம் நடத்தியிருந்தார்; பிறகு இரண்டு முறை தலைவரானார்.

அடூர் கோபாலகிருஷ்ணன் கதை தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது. அவர் படித்தது காந்திகிராமத்தில்: பொருளாதாரம், அரசியல், பொது நிர்வாகம். படிப்பு முடிந்ததும் திண்டுக்கல் பக்கத்திலேயே மத்திய அரசின் மாதிரிக் கணக்கெடுப்பில் புள்ளிவிவரம் சேகரிக்கும் வேலை. ஊர் ஊராகப் போய்க் குடும்பங்களின் வரவு செலவைக் கேட்டு எழுதிக்கொள்ளும் பிழைப்பு. 1962இல் அந்த வேலையை உதறிவிட்டுப் புனேவுக்கு ரயில் ஏறினார். அப்படி மாணவராக வந்தவரே பின்னாளில் தலைவராகவும் இரண்டு முறை வந்தார். அவருடைய படங்களில் ஒரு குடும்பத்தின் பணக் கணக்கு எவ்வளவு நுணுக்கமாகப் பதிவாகிறது என்று கவனித்தவர்களுக்கு அந்தத் திண்டுக்கல் வேலை வீண்போகவில்லை என்று தோன்றும்.

கார்ட்டூன் வரைந்தவரும் அந்த நாற்காலியில் இருந்தார்: ஆர்.கே. லட்சுமண். கிரிஷ் கர்னாட் ஆக்ஸ்ஃபோர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் படித்தவர். சென்னையில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் ஏழு ஆண்டு வேலை பார்த்துக்கொண்டே மெட்ராஸ் பிளேயர்ஸ் குழுவோடு ஆங்கில நாடகம் போட்டவர். எழுபதுகளின் நடுவில் கல்லூரியின் இயக்குநர். தொண்ணூறுகளின் கடைசியில் தலைவர். இரண்டு பொறுப்பையும் பார்த்த அபூர்வ ஆள். அவருக்குப் பின் வந்த வினோத் கன்னா நடிகர் மட்டுமல்லர். பாரதிய ஜனதா கட்சியின் குர்தாஸ்பூர் தொகுதி மக்களவை உறுப்பினர். பிறகு மத்திய அரசில் இணை அமைச்சரும் ஆனார். அவர் வந்தபோது 139 நாள் போராட்டம் எதுவும் நடக்கவில்லை. ‘கட்சிக்காரர் என்பதால்தான் எதிர்க்கிறார்கள்’ என்று 2015இல் சொன்னவர்கள் இந்தப் பெயரை மறந்துவிட்டார்கள். ‘கட்சிக்காரரை உட்கார வைத்ததே இல்லை’ என்று பதில் சொன்னவர்களும் மறந்துவிட்டார்கள்.

யு.ஆர். அனந்தமூர்த்தி ஆங்கிலப் பேராசிரியர், பர்மிங்ஹாமில் முனைவர் பட்டம், கோட்டயத்தில் துணைவேந்தர், சாகித்திய அக்காதெமியின் தலைவர். சினிமாவோடு அவருக்கு இருந்த உறவு, அவர் எழுதியவற்றை மற்றவர்கள் படமாக்கியதுதான். 2005 முதல் 2011 வரை அவர்தான் தலைவர். சயீத் அக்தர் மிர்சா விளம்பரத் துறையில் இருந்துவிட்டு இங்கே படிக்க வந்தவர். 2015க்குப் பின் வந்தவர்களைப் பார்த்தால், அனுபம் கேர் தேசிய நாடகப் பள்ளி மாணவர். பி.பி. சிங் இதே கல்லூரியில் படித்தவர், ‘சி.ஐ.டி.’ தொடரை இருபது ஆண்டு ஓட்டியவர். சேகர் கபூரோ லண்டனில் பட்டயக் கணக்கர். அந்தப் படிப்பைக் கல்லூரியின் நிதிக்குழு எவ்வளவு பயன்படுத்திக்கொண்டது என்பது வேறு விஷயம். 2023 செப்டம்பரில் ஆர். மாதவன். ஜாம்ஷெட்பூரில் பிறந்த தமிழர். இங்கிருந்து தெற்கே கோலாப்பூரில் ராஜாராம் கல்லூரியில் மின்னணுவியல் படித்தவர். நியமனத்துக்குச் சில நாள் முன்புதான் அவர் எழுதி இயக்கிய ‘ராக்கெட்ரி’ சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றதாக அறிவிப்பு வந்திருந்தது.

மருந்து விற்பனை, புள்ளிவிவரம், கேலிச்சித்திரம், கணக்குத் தணிக்கை, ஆங்கில வகுப்பறை, மின்னணுவியல். இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகும் ‘சினிமாக்காரர்தான் சினிமா அமைப்பை நடத்த வேண்டும்’ என்று யாராவது மேசையைத் தட்டினால் அவருக்குப் புனே தெரியாது.

புனே எப்படிப்பட்ட ஊர் என்பதற்கு இங்கத்து டாக்டர்களே சாட்சி. இந்த ஊரின் பி.ஜே. மருத்துவக் கல்லூரி, மராத்தி நாடகத்துக்கும் சினிமாவுக்கும் கொடுத்த ஆட்களை எந்த நடிப்புப் பள்ளியும் கொடுக்கவில்லை என்றால் அது பெரிய மிகையாகாது. ஸ்ரீராம் லாகு காது மூக்கு தொண்டை அறுவை நிபுணர். ஜப்பார் பட்டேல் குழந்தை மருத்துவர். புனே மாவட்டம் தவுண்டில் ஆஸ்பத்திரி நடத்தியவர். மோகன் அகாஷே மனநல மருத்துவர். சதீஷ் ஆளேகர் உயிர்வேதியியல் படித்து அந்த மருத்துவக் கல்லூரியிலேயே ஆய்வு அலுவலராக இருந்தவர். 1972 டிசம்பரில் விஜய் தெண்டுல்கரின் ‘காசிராம் கோத்வால்’ மேடையேறியபோது இயக்கியவர் அந்தக் குழந்தை மருத்துவர். நானா பட்னவிஸ் வேடம் கட்டியவர் அந்த மனநல மருத்துவர். எதிர்ப்புக் கிளம்பி, நாடகத்தைப் போட்ட சங்கம் பின்வாங்கியதும், குழுவினர் வெளியேறி 1973இல் தியேட்டர் அகாடமியைத் தொடங்கினார்கள். அதே நாடகத்தை 1976இல் படமாக்கிய யுக்த் கூட்டுறவுக் குழுவில் இருந்த கே. ஹரிஹரன் புனே கல்லூரி மாணவர். பின்னாளில் தமிழில் ‘ஏழாவது மனிதன்’ எடுத்தவர் அவர்தான்.

இந்த டாக்டர்கள் நோயாளிகளை விட்டுவிட்டு நேரே கேமராவுக்கு முன்னால் போய் நின்றவர்கள் அல்லர். நிறுவனம் நடத்தத் தெரிந்தவர்கள். மோகன் அகாஷே 1997 முதல் 2002 வரை ஐந்து ஆண்டு இந்தத் திரைப்படக் கல்லூரியின் தலைமை இயக்குநர். ஒரு மனநல மருத்துவரிடம் மாணவர் விடுதியையும் ஆசிரியர் சங்கத்தையும் அமைச்சகத்தையும் ஒருசேர ஒப்படைத்த யோசனை யாருடையதோ, அவருக்கு நகைச்சுவை உணர்வும் இருந்திருக்கிறது, தொலைநோக்கும் இருந்திருக்கிறது. 2002இல் தொடங்கிய புனே பன்னாட்டுத் திரைப்பட விழாவையும், அதை நடத்தும் புனே ஃபிலிம் ஃபவுண்டேஷனையும் முன்னின்று நடத்தி வருபவர் ஜப்பார் பட்டேல். மகாராஷ்டிர அரசு அந்த விழாவையே தன் விழாவாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவருக்குப் பக்கத்தில், படங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில், திரைப்படக் கல்லூரியில் நெடுங்காலம் பாடம் நடத்திய சமர் நகாதே. ஒருவருக்கு ஊரைத் தெரியும், அரசைத் தெரியும், மேடையைத் தெரியும். இன்னொருவருக்குப் படத்தின் இலக்கணம் தெரியும்.

பிரச்சினை இங்கேதான் பிடிபடுகிறது. ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதை அவருக்கு அருகில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதோடு சேர்த்துத்தான் எடைபோட முடியும். குழு என்றால் பலதும் சேர்ந்ததுதானே.

இதற்குப் பழைய உதாரணம் அதே லா காலேஜ் சாலை நிலத்திலேயே இருக்கிறது. 1929 ஜூன் 1 அன்று கோலாப்பூரில் பிரபாத் ஃபிலிம் கம்பெனி தொடங்கியபோது பங்குதாரர்கள் ஐந்து பேர். வி. சாந்தாராம் இயக்குநர். விஷ்ணுபந்த் தாம்லே பின்னாளில் ஒலிப்பதிவைத் தன் கைக்குள் கொண்டுவந்தவர். ஃபத்தேலால் ஓவியர், கலை இயக்குநர். கேசவராவ் தைபர் கேமரா. சீதாராம்பந்த் குல்கர்னி நகைக்கடைக்காரர், பணம் அவருடையது. முதல் நால்வரும் பாபுராவ் பெயின்டரின் மகாராஷ்டிர ஃபிலிம் கம்பெனியில் கைத்தொழிலாகச் சினிமாவைக் கற்றவர்கள். அந்த பெயின்டரோ கேமராவைத் தானே செய்துகொண்ட ஓவியர். ஆக, இயக்கம், ஒலி, ஓவியம், ஒளி, பணம் என்று படம் எடுக்கத் தேவையான ஐந்தும் அந்தக் கம்பெனியின் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. 1933இல் புனேவுக்கு வந்தார்கள். மூன்றே ஆண்டில் ஒலிக்காரரும் ஓவியரும் சேர்ந்து ‘சந்த் துக்காராம்’ இயக்கினார்கள். பம்பாயில் ஓர் ஆண்டுக்கு மேல் ஓடி, வெனிஸ் விழாவிலும் பாராட்டுப் பெற்ற படம் அது. கம்பெனியின் முகமாக இருந்தவர் சாந்தாராம். ஆனால் அதன் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோன படத்தைப் பெரிதாகப் பேசப்படாத இருவர் எடுத்தார்கள்.

சாந்தாராம் 1942இல் பிரிந்தார். பத்துப் பதினோரு ஆண்டில் கம்பெனி மூடப்பட்டது. இடையே, 1949இல் நேரு அரசு அமைத்த எஸ்.கே. பாட்டீல் விசாரணைக் குழு நாட்டுக்கு ஒரு திரைப்படக் கல்லூரி வேண்டும் என்று 1951இல் பரிந்துரைத்தது. பாட்டீல் பம்பாய்க் காங்கிரஸ் தலைவர், அரசியல்வாதி. ஆனால் அவர் குழுவில் சாந்தாராம் இருந்தார். கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் முதலாளி பி.என். சர்க்காரும் இருந்தார். சர்க்கார் லண்டனில் பொறியியல் படித்தவர். அரசியல்வாதிக்கு இருபுறமும் தொழில் தெரிந்தவர்களை உட்கார வைத்ததால்தான் அந்த அறிக்கை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் பலனாக 1960இல் அரசு பிரபாத் வளாகத்தில் கல்லூரியைத் தொடங்கியது. முதல் பொறுப்பாளர் கஜானன் ஜாகிர்தார், நடிகர், இயக்குநர். அடுத்து வந்த ஜகத் முராரி அமெரிக்காவில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர். ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக மாமல்லபுரம் பற்றி அவர் எடுத்த ஆவணப்படத்துக்கு முதல் தேசிய விருது விழாவிலேயே பரிசு கிடைத்தது. அறுபதுகளின் நடுவில் ரித்விக் கட்டக் துணை முதல்வர். மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் எல்லாம் அந்தக் காலத்து மாணவர்கள். மட்டக்களப்பிலிருந்து வந்த பாலு மகேந்திரா ஒளிப்பதிவு படித்து 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியேறியதும் அந்தப் பத்தாண்டில்தான்.

1974இல் கல்லூரி ஒரு சொசைட்டியாகப் பதிவானது. வேறு கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது. சொசைட்டியின் தலைவர்தான் ஆட்சிமன்றக் குழுவுக்கும் தலைவர். அவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பது தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். உறுப்பினர்களில் ஒரு பகுதி பதவி வழியாக வரும் அதிகாரிகள். இன்னொரு பகுதி பழைய மாணவர்கள். மற்றொரு பகுதி ‘சிறப்பு மிக்கவர்கள்’. 2015இல் புயலைக் கிளப்பியதில் தலைவர் நியமனத்துக்கு இருந்த பங்கில் பாதியாவது இந்த மூன்றாம் பகுதிக்கும் உண்டு. எட்டுச் சிறப்பாளர்களில் நால்வரை மாணவர்கள் ஏற்கவில்லை. அவர்களில் ஒருவர் ஒரு மாணவர் அமைப்பின் மாநிலத் தலைவராக இருந்தவர். அவருடைய சிறப்பு அதுவாகவே இருந்தது. அதே பட்டியலில் இருந்த ஜானு பருவா, சந்தோஷ் சிவன், பல்லவி ஜோஷி மூவரும் விலகிக்கொண்டார்கள். அசாமிய சினிமாவின் முதன்மை இயக்குநர், இந்தியாவின் மிகச் சிறந்த ஒளிப்பதிவாளர்களில் ஒருவர், தேர்ந்த நடிகை. பட்டியலில் தொழில் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. யாரோடு உட்கார வேண்டியிருக்கும் என்று பார்த்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

சரி, தலைவர் பெரிய மனிதராக இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இந்தக் கேள்வியைப் போராட்டக்காரர்களும் அதிகம் கேட்கவில்லை. அன்று நள்ளிரவுக் கைதுக்கு உடனடிக் காரணமாக இருந்தது 2008ஆம் ஆண்டு பேட்ச் மாணவர்களின் டிப்ளமோ படங்கள். மூன்று ஆண்டுப் படிப்பில் 2008இல் சேர்ந்தவர்கள் 2015 ஆகஸ்டிலும் படத்தை முடிக்கவில்லை. முடிந்தவரைக்கும் மதிப்பெண் போட்டு அனுப்பிவிட நிர்வாகம் முடிவெடுத்தது. மாணவர்கள் இயக்குநரை அறையில் முற்றுகையிட்டார்கள். அந்தத் தேக்கத்தின் பெரும்பகுதி அனந்தமூர்த்தியின் காலத்திலும் மிர்சாவின் காலத்திலும் சேர்ந்தது. ஒருவர் ‘சம்ஸ்காரா’ எழுதியவர், இன்னொருவர் இதே வளாகத்தில் படித்தவர். இருவரின் தகுதியையும் யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் ஸ்டூடியோ எத்தனை நாள் காலி, எடிட்டிங் அறையில் எந்த இயந்திரம் பழுது, ஒரு மாணவர் படம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அன்றாடம் பார்ப்பது தலைவரின் வேலையல்ல. அவர் எப்போதாவது கூட்டத்துக்கு வருகிறவர். அன்றாடம் பார்க்க வேண்டியவர் இயக்குநர்.

அந்த இயக்குநர் நாற்காலியின் கதை வேறு திசையில் போகிறது. ஜகத் முராரி, கர்னாட், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு இங்கே மாணவராக வந்த ஜான் சங்கரமங்கலம், பிறகு அகாஷே என்று போன வரிசை பின்னால் மாறியது. போராட்டத்துக்கு முன்னும் பின்னும் அந்தப் பொறுப்பில் இருந்த டி.ஜே. நாராயண், பிரசாந்த் பத்ராபே, பூபேந்திர கைந்தோலா மூவரும் இந்தியத் தகவல் பணி அதிகாரிகள். செய்திக் குறிப்பு எழுதுவதிலும் அரசு நடைமுறையிலும் தேர்ந்தவர்கள். கல்லூரிக்கு நிர்வாகம் தெரிந்தவர் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மேலே அவ்வப்போது வரும் ஒரு பிரபலம், கீழே மாற்றலாகிப் போகும் ஓர் அதிகாரி என்று அமைந்துவிட்டால் நடுவில் தாம்லேக்கும் தைபருக்கும் இடமில்லை. ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, கலை இயக்கம், படப் பாதுகாப்பு என்று வாழ்நாளைக் கழித்தவர் எவரும் இந்த நாற்காலிகளை நிரப்பும்போது நினைவுக்கு வருவதில்லை. தலைவர் பட்டியலைத் திரும்பப் புரட்டினால் பெரும்பாலும் இயக்குநர், நடிகர், எழுத்தாளர், இயக்குநர், நடிகர் என்றே போகிறது. மேடையில் மாலை வாங்குகிற மூன்று தொழில்கள்.

இன்னொரு கணக்கு யார் கண்ணிலும் படாமல் ஓடுகிறது. தலைவரின் பதவிக்காலம் மூன்று ஆண்டு; ஆனால் அது ஆள் வந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. மார்ச் 4இல் தொடங்கி மூன்றாம் ஆண்டு மார்ச் 3இல் முடியும் ஒரு காலண்டர் அது, நாற்காலியில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மிர்சா போனது 2014 மார்ச். சவுகான் நியமனம் 2015 ஜூன். போராட்டத்தால் அவர் வந்து பொறுப்பேற்றது 2016 ஜனவரி. 2017 மார்ச் 3 அன்று பதவிக்காலம் முடிந்துவிட்டது. அவ்வளவு களேபரமும் பதினான்கு மாதத்துக்கு! பிறகு ஏழு மாதம் காலி. 2017 அக்டோபரில் வந்த அனுபம் கேர் வெளிநாட்டுப் படப்பிடிப்பைக் காட்டி ஓர் ஆண்டில் விலகினார். 2018 டிசம்பரில் வந்த பி.பி. சிங்குக்குக் கிடைத்தது மிச்சமிருந்த காலம், 2020 மார்ச் வரை. மீண்டும் ஆறு மாதம் காலி. சேகர் கபூர் 2020 செப்டம்பர் முதல் 2023 மார்ச் வரை. மறுபடியும் ஆறு மாதம் காலி, பிறகு மாதவன். 2014 மார்ச்சிலிருந்து கணக்குப் போட்டால், முதல் மூன்று ஆண்டில் நாற்காலி காலியாகக் கிடந்த காலம்தான் அதிகம். ஒருவரின் தொழில்பின்னணி எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும், அமைச்சக மேசையில் கோப்பு தூங்கும் மாதங்களில் அதனால் ஒரு பயனும் இல்லை.

வேறு இடங்களில் எப்படி? கேரளம் 1998இல் சலச்சித்திர அக்காதெமி தொடங்கியபோது முதல் தலைவராக ஒளிப்பதிவாளரான ஷாஜி என். கருணை உட்கார வைத்தது. அவர் புனே மாணவர். பின்னாளில் அதன் துணைத் தலைவராக இருந்த பீனா பால் படத்தொகுப்பாளர், அவரும் புனே. 2025இல் தலைவராக வந்த ரசூல் பூக்குட்டி ஒலி வடிவமைப்பாளர், ஆஸ்கர் வாங்கியவர்; அவரும் புனே. மூன்று தொழில்நுட்பக்காரர்களை இந்த ஊர் தயார் செய்து அனுப்ப, கேரளம் அவர்களைத் தலைமையில் வைத்துக்கொண்டது. அங்கேயும் அரசுதான் நியமிக்கிறது. ஆட்சி மாறினால் ஆளும் மாறுகிறார். சர்ச்சையில் விலகியவர்களும் உண்டு. ஆனால் மாலை வாங்கும் மூன்று தொழில்களைத் தாண்டி யோசிக்க அவர்களால் முடிந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இருக்கும் அரசுத் திரைப்படக் கல்லூரிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடிகர் ராஜேஷ் தலைவராக நியமிக்கப்பட்டார். செய்திகள் அவரை நடிகர் என்றே குறிப்பிட்டன. சினிமாவுக்கு வருமுன் சென்னையில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர். கையில் எப்போதும் புத்தகம் வைத்திருந்தவர். கல்லூரிக்குத் தலைவராக அவருக்கு இருந்த உண்மையான தகுதி அந்தப் பழைய உத்தியோகத்தில் இருந்தது. 2025 மே மாதம் அவர் காலமானார்.

லண்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டின் தலைவர் பொறுப்பில் 2003 முதல் இருந்தவர்கள்: இயக்குநர் ஆன்டனி மிங்கெல்லா, பி.பி.சி.யை நடத்திய கிரெக் டைக், வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் பிரிட்டன் பிரிவைப் பார்த்த ஜோஷ் பெர்கர், வியூ தியேட்டர் தொடரை உருவாக்கிய டிம் ரிச்சர்ட்ஸ், தொலைக்காட்சி நிகழ்ச்சித் துறையிலிருந்து வந்த ஜே ஹன்ட். படம் எடுப்பவர், ஒளிபரப்புபவர், விநியோகிப்பவர், திரையிடுபவர் என்று வரிசையாகச் சுற்று வருகிறது. வியாபாரிகள் கூடிவிட்டார்கள் என்று அங்கேயும் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் ஆட்சிக்குழு இடம் காலியானால் விளம்பரம் போடுகிறார்கள், என்ன அனுபவம் தேவை என்று எழுதுகிறார்கள், வருகிறவரின் முழு விவரத்தையும் வெளியிடுகிறார்கள். ஒரு பத்தியோடு கோப்பு மூடப்படுவதில்லை.

புனே கல்லூரிக்கு இதில் செய்யக்கூடியது பெரிய சட்டத் திருத்தம் எதுவும் இல்லை. சொசைட்டிப் பட்டியலில் ஒலிக்கும் படத்தொகுப்புக்கும் கலை இயக்கத்துக்கும் தலா ஓரிடம் என்று ஒதுக்கலாம். அதற்கான பழைய மாணவர்கள் மும்பையிலும் சென்னையிலும் கொச்சியிலும் நிறையவே இருக்கிறார்கள். படப் பாதுகாப்புக்கு ஓரிடம் கட்டாயம் வேண்டும். இதே சாலையில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டி எழுப்பிய பி.கே. நாயர் கேரளத்தில் அறிவியல் பட்டம் வாங்கிவிட்டு, இந்தக் கல்லூரியில் ஆய்வு உதவியாளராக 1961இல் சேர்ந்தவர். தாதாசாகேப் பால்கேயின் படச்சுருள்களைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றிய அவர், இந்தியாவின் மிக முக்கியமான திரைப்படக் கல்வியாளர்களில் ஒருவர். அவர் கட்டிய காப்பகம் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு, அதாவது ஒரு கம்பெனியோடு, இணைக்கப்பட்டுவிட்டது. அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவுக்கு அடுத்து ஆள் எடுக்கும்போது, படச்சுருள் புளித்துப்போனால் என்ன வாடை வரும் என்று தெரிந்த ஒருவரையாவது சேர்க்கச் சொல்லி இந்த ஊர்க்காரர்கள் மனுப் போடலாம். கல்லூரிக்கான மனுவையும் அடுத்த பதவிக்கால மார்ச் வருவதற்கு முன்பே போட்டுவிட்டால் நல்லது.